வாதம் முடிந்த பின் உட்கார ஓர் இடம்

2020 டிசெம்பரில் இலங்கையில் இரண்டு காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன. கேகாலைப் பக்கத்தில் ஒருவர், காளி அம்மன் தமக்கு அருளியது என்று சொல்லித் தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணி ஒன்றைக் கொவிட் மருந்தாகக் கொடுக்கத் தொடங்கினார். தொற்று பரவிக்கொண்டிருந்த வேளையில் ஆயிரக்கணக்கானோர் அதை வாங்க முண்டியடித்தார்கள். சுகாதார அமைச்சரே அதைப் பகிரங்கமாக அருந்தினார். அடுத்த மாதம் அவருக்கும் தொற்று உறுதியானது. அதே டிசெம்பரில் கொழும்பில், பிறந்து இருபது நாளே ஆன முஸ்லிம் சிசு ஒன்றின் உடல் பெற்றோரின் சம்மதமின்றிப் பொரளை மயானத்தில் எரிக்கப்பட்டது. கொவிட்டால் இறந்தவர்களைக் கட்டாயமாக எரிக்க வேண்டும் என்று அந்த ஆண்டு ஏப்ரலில் வர்த்தமானி வெளியாகியிருந்தது. புதைத்தால் கிருமி நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். உலக சுகாதார நிறுவனமோ புதைப்பதற்கும் எரிப்பதற்கும் இடமளித்திருந்தது. மயான வாசலில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 பெப்ரவரியில்தான் அந்தக் கட்டளை விலக்கப்பட்டது. 2024 இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

ஒன்றில் சமயம் விஞ்ஞானத்தை ஒதுக்கியது, மற்றதில் விஞ்ஞானம் சமயத்தை மிதித்தது என்று இதைச் சுருக்கிவிடலாம். அது நடந்ததைச் சரியாகச் சொல்வதாகாது. பாணி எந்தக் கோயிலின் கொள்கையிலிருந்தும் வரவில்லை; நிலத்தடி நீர்க் கதை எந்த ஆய்வுகூடத்தில் நிறுவப்பட்ட முடிபுமில்லை. சமயத்தின் மரியாதையை ஒருவர் இரவல் வாங்கினார், விஞ்ஞானத்தின் மரியாதையை ஒரு குழு இரவல் வாங்கியது. இரண்டையும் தடுத்து நிறுத்தியிருக்கக் கூடியவர்கள் இதே கொழும்பு நகரத்தில்தான் இருந்தார்கள்: வைரசு ஆய்வாளர்கள், நீரியல் அறிந்தவர்கள், மௌலவிமார், சிவாச்சாரியார்கள், பிக்குகள், குருவானவர்கள். ஆனால் அவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருக்கவில்லை. ஒருவர் சொல்வதை மற்றவர் நம்பத்தக்க அளவுக்குப் பல வருடப் பழக்கம் அவர்களிடையே இருக்கவில்லை. நெருக்கடி வந்த அன்று அறிக்கை விடத்தான் முடியும். நம்பிக்கையை அன்று உண்டாக்க முடியாது. விஞ்ஞானமும் சமயமும் பற்றி நாம் இருநூறு வருடமாகப் பேசி வருகிறோம். பேசிய முறைதான் பிழை என்பது இந்தக் கட்டுரையின் வாதம். நம்முடைய பேச்சு எப்போதும் மேடையில் நடந்தது, ஒருவர் வெல்ல மற்றவர் தோற்க வேண்டும் என்ற ஒழுங்கில் நடந்தது. நமக்கு வேண்டியது வெற்றி தோல்வி இல்லாமல் வருடக்கணக்கில் தொடர்ந்து கூடும் ஒரு சபை.

மேடை வழக்கத்தின் தொடக்கங்களில் ஒன்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. 1829 மார்ச் 20 இல் நிகழ இருந்த சந்திர கிரகணத்துக்குப் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார் நேரம் கணித்திருந்தார். வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராக இருந்த டானியல் பூவர் அந்தக் கணிப்பில் சில நிமிடங்கள் பிழை என்று முன்கூட்டியே அறிவித்தார். கிரகணம் பூவர் சொன்ன நேரத்தில் நிகழ்ந்தது. நிமிடக் கணக்கில் ஏற்பட்ட பிழையைத் திருத்துவது வானியலுக்குள் நடக்கும் சாதாரண வேலை. மிஷனரிமார் அதைப் புராணங்களுக்கு எதிரான சாட்சியாக ஆக்கினார்கள். பஞ்சாங்கக் கணிதம் சூரிய சித்தாந்த வழியில் வந்தது, புராண உலகப் படத்தோடு அதற்கு ஒட்டு மிகக் குறைவு என்ற நுட்பம் அந்த ஆரவாரத்தில் அமிழ்ந்து போனது. சாஸ்திரியாரும் பூவரும் ஒரே கணிதத்தைப் பேசத் தெரிந்தவர்கள். இருவரும் அருகருகே இருந்து பிழை எங்கே நுழைந்தது என்று பார்த்திருந்தால், தமிழ் வானியல் அந்த நூற்றாண்டிலேயே வேறொரு பாதையில் போயிருக்கலாம்.

அடுத்த கட்டத்தில் கொழும்பின் கொட்டாஞ்சேனை வருகிறது. அங்குள்ள தீபதுத்தாராமய விகாரையில் இருந்த மிகெட்டுவத்தே குணானந்த தேரர்தான் 1873 ஓகஸ்ட் 26, 28 ஆகிய இரண்டு நாட்கள் நடந்த பாணந்துறை வாதத்தில் பௌத்தத் தரப்புக்குப் பேசியவர். ஆயிரக்கணக்கானோர் கூடி நின்ற அந்த மேடையில் மேரு மலை பற்றிய பேச்சு எழுந்தது. பூமியின் சுற்றளவே ஏறத்தாழ 25,000 மைல்தான். எண்பத்து நாலாயிரம் யோசனை உயரமான மலை அதில் எங்கே நிற்கும் என்று கிறிஸ்தவத் தரப்பு கேட்டது. தேரர் சளைக்கவில்லை. நியூட்டனின் கொள்கை முடிந்த முடிபா என்று திருப்பிக் கேட்டு, அதை மறுத்து இங்கிலாந்தில் மொரிசன் என்பவர் எழுதிய நூலைச் சான்றாக எடுத்துக் காட்டினார். திசைகாட்டியின் ஊசி எப்போதும் வடக்கையே நோக்குவது மேரு அங்கே இருப்பதற்கு அத்தாட்சி என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த மொரிசன் இங்கிலாந்தில் பேர்போன சோதிடர், அவருடைய வானியலை எந்த வானியலாளரும் ஏற்கவில்லை என்பதை அந்த மேடையில் எடுத்துச் சொல்ல ஆள் இருந்திருந்தாலும் பயன் இருந்திராது. கூட்டம் கேட்க வந்தது அதையல்ல.

குணானந்த தேரரைச் சிறுமைப்படுத்தும் நோக்கம் இங்கே துளியும் இல்லை. ஆட்சியின் நிழலில் நின்றவர்களுக்கு எதிராக, தன் மக்களின் மானத்துக்காகப் பேசியவர் அவர். மிஷனரிகளும் நியூட்டனைத் தங்கள் சமயத்தின் சொத்துப் போலத்தான் பயன்படுத்தினார்கள். கிறிஸ்தவ நாட்டில் பிறந்த வானியல் கிறிஸ்தவத்துக்குச் சான்றாகாது என்பதை அவர்களும் யோசிக்கவில்லை. அந்த மேடையில் விஞ்ஞானம் இரு தரப்புக்கும் ஆயுதமாக இருந்தது. ஆயுதத்தை யாரும் ஆராய்வதில்லை, வீசுவார்கள். பத்து வருடம் கழித்து, 1883 ஈஸ்டர் ஞாயிறன்று, தேரரின் விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் புனித லூசியா பேராலயத்துக்கு அருகில் தாக்கப்பட்டுக் கொட்டாஞ்சேனையில் கலவரம் மூண்டது. நூல்களாலும் துண்டுப் பிரசுரங்களாலும் வளர்ந்த பகை தடிகளுக்கும் கற்களுக்கும் வந்து சேர அதிக காலம் எடுக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மேடை கொழும்பின் வெள்ளவத்தைக்கு இடம் மாறியது. கேரளத்துத் திருவல்லாவில் 1898 இல் மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்த ஆபிரகாம் கோவூர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்து, கொழும்பு தர்ஸ்டன் கல்லூரியிலிருந்து 1959 இல் ஓய்வு பெற்று, வெள்ளவத்தையை ஒட்டிய பாமன்கடையில் வாழ்ந்தார். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்து, அற்புதம் செய்து காட்டும் எவருக்கும் ஒரு லட்சம் ரூபா என்று சவால் விட்டார். உறையிட்டு மூடிய நோட்டின் இலக்கத்தைச் சொல்லலாம், தண்ணீரைப் பெற்றோலாக மாற்றலாம், எரியும் தணலில் கால் கொப்புளிக்காமல் அரை நிமிடம் அசையாமல் நிற்கலாம். இவற்றில் ஏதாவது ஒன்றைச் செய்தால் போதும், ஏமாற்ற இடமில்லாத நிபந்தனைகளோடு. 1978 இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை எவரும் எடுக்கவில்லை. கண்களைக் கண் வங்கிக்கும், உடலை மருத்துவ மாணவர்களுக்கும், எலும்புக்கூட்டைத் தாம் கற்பித்த கல்லூரிக்கும் எழுதி வைத்துவிட்டுப் போனார். சொன்னபடி வாழ்ந்து முடித்த மனிதர். போலிச் சாமியார்களிடமிருந்து அவர் காப்பாற்றிய குடும்பங்களின் நன்றிக்கு அவர் முற்றிலும் தகுதியானவர். ஆனாலும் சவால் ஒன்றால் இரண்டு விடைதான் பெற முடியும், உண்மை அல்லது பொய். பொய் என்று தெரிந்த பிறகு மனிதர் எதைப் பற்றி வாழ்வார் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. பரிசுத்தொகை பெட்டியிலேயே கிடந்தது. அவர் மறைந்து நாற்பது வருடம் கழித்துக் கேகாலைப் பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்.

கோவூர் வாழ்ந்த காலத்திலேயே அமெரிக்காவில் வேறொரு முறை வேரூன்றிக்கொண்டிருந்தது. பால்வீதி மண்டலத்தின் அளவைக் கணித்த வானியலாளர் ஹார்லோ ஷாப்லியும், வானிலை ஆய்வில் பயின்ற ரால்ஃப் வெண்டல் பர்ஹோவும், சில இறையியலாளரும் மதகுருமாரும் சேர்ந்து 1954 இல் 'விஞ்ஞான யுகத்தில் சமயம்' என்ற பெயர் கொண்ட கழகம் ஒன்றை நிறுவினார்கள். நியூ ஹாம்ப்ஷயர் கரைக்கு அப்பாலுள்ள ஸ்டார் தீவில் கோடை தோறும் ஏறத்தாழ ஒரு வாரம் குடும்பங்களோடு கூடித் தங்குவார்கள். ஒன்றாக உண்பார்கள், காலையில் உரை, மாலையில் பேச்சு. 1966 இல் பர்ஹோ 'ஸைகன்' என்ற ஆய்விதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் பௌதிகவியலும் இறையியலும் கற்ற இயன் பார்பர் எழுதிய நூல் இந்தத் துறைக்கு அடித்தளமிட்டது. விஞ்ஞானமும் சமயமும் மோதலாம், ஒன்றுக்கொன்று தொடர்பின்றி இருக்கலாம், உரையாடலாம், ஒன்றிணையலாம் என்று உறவை நான்காகப் பின்னாளில் வகுத்தவரும் அவரே. கடவுளை நம்புவோரும் நம்பாதோரும் அந்தத் தீவில் ஒரே பந்தியில் இருந்தார்கள். அடுத்த வருடமும் இதே முகங்களைப் பார்க்க வேண்டும் என்பதே பேச்சுக்கு ஒரு நாணயத்தைக் கொடுத்தது. இன்று மடக்கி வென்றவருக்கும் நாளைக் காலை அதே மேசையில்தான் தேநீர்.

சமய இயற்கைவாதம் என்று சொல்லப்படும் நோக்கு வளர்ந்த இடங்களில் இந்தச் சபை முக்கியமானது. அதன் கொள்கை சிக்கலானதல்ல. இயற்கைக்கு வெளியேயிருந்து அதன் விதிகளை முறித்து உள்ளே வரும் சக்தி எதுவும் இல்லை என்று அது கொள்கிறது. அந்த அளவில் கோவூர் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் வியப்பும் நன்றியும் பணிவும் பொறுப்பும் மனிதரிடமிருந்து கழன்றுவிட வேண்டியவை என்று அது கொள்வதில்லை. அவை இயற்கையையே நோக்கலாம், அதற்குச் சடங்கும் பாட்டும் சமூகமும் துணையாகலாம் என்கிறது. ஒருகல அல்காவை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த கலவியலாளர் ஊர்சுலா குடினஃப் 1998 இல் எழுதிய 'இயற்கையின் புனித ஆழங்கள்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதலில் விண்மீன் பிறப்பு, கலம், கூர்ப்பு, மரணம் என்று விஞ்ஞானம் சொல்லும் கதை வருகிறது. பின்னர் அதை அறிந்த ஒரு மனம் என்ன உணர்கிறது என்ற தியானம் வருகிறது. முதலாவதில் எதையும் மென்மைப்படுத்துவதில்லை, இரண்டாவதற்கு வெட்கப்படுவதுமில்லை.

இந்த நோக்கு நம் மண்ணில் என்ன வேலை செய்யும் என்பதற்குத் தீமிதியை எடுத்துக்கொள்ளலாம். தணலில் நடப்பவர் கால் வேகாதது ஏன்? 1935 இல் இங்கிலாந்தில் குடா பக்ஸ் என்ற இந்தியரைத் தணல் மீது நடக்கச் செய்து ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். கரி வெப்பத்தை மெல்லத்தான் கடத்தும், பாதம் அதைத் தொடும் நேரமோ மிகக் குறுகியது என்பது கிடைத்த விடை. கோவூர் 'நடக்கலாம்' என்று சொல்லாமல் 'அரை நிமிடம் நிற்க வேண்டும்' என்று நிபந்தனை போட்டதன் காரணம் இதுதான். மேடை முறையில் விடயம் இதோடு முடிந்தது: தெய்வ சக்தி இல்லை, கலைந்து செல்லலாம். ஆனால் ஆராய்ச்சி முடியவில்லை. 2011 இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்பெயின் நாட்டுக் கிராமமொன்றில் நெருப்பில் நடந்தவர்களின் இதயத் துடிப்பும் கரையில் நின்று பார்த்த உறவினரின் துடிப்பும் ஒரே போக்கில் ஏறி இறங்குவதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். தொடர்பில்லாத பார்வையாளரிடம் அந்த ஒத்திசைவு காணப்படவில்லை. இன்னும் நமக்கு நெருக்கமானது மொரிஷியஸ் தீவின் தமிழர்களிடம் நடந்த ஆய்வு. தைப்பூசக் காவடியில் அலகு குத்தி நடந்தவர்களும், கூட்டு வழிபாட்டில் இருந்து பாடியவர்களும், சடங்கு முடிந்ததும் கோயில் தருமத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒப்பிட்டார்கள். காவடி எடுத்தவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். அவர்களுடன் கூடவே நடந்தவர்களும் அப்படியே. 2013 இல் வெளியான இந்த முடிவு தெய்வத்தின் இருப்பையும் நிறுவவில்லை, இல்லாமையையும் நிறுவவில்லை. காவடிக்குள் ஒரு சமூக உண்மை இருக்கிறது என்பதை நிறுவுகிறது. ஆடிவேல் காலத்தில் காலி வீதியில் தேருக்குப் பின்னால் நடக்கிற கூட்டத்தை மூடர்கள் என்று சொல்லிக் கடந்து போகிறவர் இந்த உண்மையைத் தவறவிடுகிறார். தெய்வ சக்தியால் காயம் நோகாது என்று சொல்கிறவரும் அதைத் தவறவிடுகிறார், ஏனென்றால் அந்த ஆய்வில் கூடுதல் நோவு பட்டவரே கூடுதலாகக் கொடுத்தார்.

இப்படி இரண்டையும் ஒருங்கே பிடித்திருந்த மனிதர் நம்மிடம் இருந்தார். காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனம், கொழும்பில் விஞ்ஞானம் பயின்று, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகி, 1920 இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, 1924 இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவேற்று விபுலானந்தர் ஆனார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவரும் அவரே. துறவு பூண்டதும் விஞ்ஞானத்தை அவர் கழற்றி வைக்கவில்லை. 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சியில் இரசாயனவியலுக்குத் தமிழ்ச் சொல் தேடினார். அவருடைய பெரும் படைப்பான யாழ்நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. ஜூலை 19 இல் அவர் கொழும்பில் காலமானார்.

யாழ்நூலைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு அதைவிட நல்ல சான்று தமிழில் இல்லை. வழக்கொழிந்து, வடிவமே மறந்து போன கருவி யாழ். அதை மீட்கச் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் அவர் எடுத்துக்கொண்டார். ஏழு சுரங்களுக்கு நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு என்று அங்கே அலகுகள் சொல்லப்படுகின்றன, கூட்டினால் 22. இந்த எண்களை மந்திரம் போல ஓதிக்கொண்டிருந்தவர்கள் பலர். விபுலானந்தர் அவற்றை அதிர்வு விகிதங்களாக வாசித்தார். நரம்பின் நீளம் பாதியானால் ஒலி ஒரு தானம் மேலேறும், மூன்றில் இரண்டானால் குரல் என்ற முதற் சுரத்துக்கு இளி என்ற ஐந்தாஞ் சுரம் பிறக்கும். பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் எந்த மாணவனும் சரிபார்க்கக் கூடிய விதி இது. அதைக்கொண்டு ஒவ்வொரு நரம்புக்கும் கணக்குப் போட்டு, பாலைகள் என்ற பண்டைச் சுர வரிசைகளை மீட்டுருவாக்கினார். அதே நூலின் பின்பகுதியில் தேவார இயல் வருகிறது. பின்னங்களும் விகிதங்களும் நிரம்பிய பக்கங்களிலிருந்து சம்பந்தரும் அப்பரும் பாடிய பண்களுக்கு நூல் நகரும்போது ஒட்டுப்போட்ட தடம் எதுவும் தெரியவில்லை. பக்திக்காகக் கணக்கை அவர் வளைக்கவில்லை. கணக்குக் கிடைத்துவிட்டது என்பதற்காகப் பண்ணின் இனிமை வெறும் அதிர்வு என்றும் முடிக்கவில்லை. விபுலானந்தர் வேதாந்தி, இயற்கைவாதி என்று அவருக்குப் பட்டம் சூட்டுவது நேர்மையாகாது. ஆனால் நான் கேட்கும் சபைக்கு வேண்டிய ஒழுக்கம் முழுவதும் அந்த நூலின் செய்முறையில் இருக்கிறது.

அவரோடு இன்னொருவரையும் சேர்க்க வேண்டும். கொழும்பில் 1877 இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி புவிச்சரிதவியலாளர்; இலங்கைக் கனிப்பொருள் அளவீட்டின் முதல் பணிப்பாளர்; தோரியமும் யுரேனியமும் கொண்ட தோரியனைட் என்ற கனிமத்தை 1904 இல் இங்கே கண்டறிந்தவர். கொட்டாஞ்சேனையில் தன் தந்தை எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் புதுப்பித்துக் கட்டிய பொன்னம்பலம் இராமநாதன் அவருக்கு மைத்துனர் முறை. அந்தப் புவிச்சரிதவியலாளரே பிற்காலத்தில் நடராசர் வடிவத்தின் பொருளை உலகுக்கு விளக்கினார். ஆனால் குமாரசுவாமி நவீன விஞ்ஞான உலகை விட்டு விலகி மரபுக்குத் திரும்பியவர். விபுலானந்தர் இரண்டிலும் நின்றவர். அதனால் என் சாய்வு விபுலானந்தர் பக்கம்.

குமாரசுவாமியின் பெயரைச் சொன்னதும் எழுகிற ஒரு மறுப்பை இங்கேயே பார்த்துவிடலாம். எல்லாம் நம் சாத்திரத்தில் ஏற்கெனவே இருக்கிறது, இதற்கு ஒரு சபை எதற்கு என்பார்கள். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் 2004 முதல் நிற்கும் நடராசர் சிலையை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அந்தச் சிலை இந்திய அரசின் அன்பளிப்பு. அதன் கீழுள்ள பலகையில் குமாரசுவாமியின் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அழகான உவமை அது, அதை அனுபவிக்கத் தடையில்லை. ஆனால் துகள்களின் நடத்தையைச் சோழக் கைவினைஞர் அறிந்திருந்தார் என்று அதிலிருந்து முடிவு கட்டுவது, திசைகாட்டி ஊசியிலிருந்து மேருவை நிறுவியதற்கு ஒப்பானது. துகள் ஒன்றின் திணிவை எந்த ஆகமத்திலிருந்தும் எவரும் முன்கூட்டிக் கணித்துத் தந்ததில்லை. சாத்திரத்துக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துச் செய்யும் இந்த வேலை, சாத்திரம் உண்மையில் என்ன சொல்கிறது என்று படிக்கும் ஆர்வத்தையே கெடுத்துவிடுகிறது.

பக்தரின் மறுப்பு இதைவிட ஆழமானது. இறைவனை எடுத்துவிட்டு வியப்பை மட்டும் வைத்துக்கொள்வது சமயமா? துன்பத்தில் இருக்கிறவர் விண்மீன் மண்டலத்திடம் முறையிட முடியுமா? சைவ சித்தாந்தத்தில் பதியாகிய இறைவன் இல்லாமல் பசுவாகிய உயிருக்கு விடுதலை இல்லை. அருள் என்பது அங்கே அலங்காரச் சொல்லல்ல. இந்த மறுப்பை நான் முழு மரியாதையோடு ஏற்கிறேன், சமய இயற்கைவாதம் இதற்கு நிறைவான பதில் தந்துவிட்டதாக நினைக்கவும் இல்லை. ஆனால் சபை கேட்பது மதமாற்றத்தை அல்ல. அங்கே வருகிற சைவர் சைவராகவே இருக்கலாம். கண்ணால் கண்டு சரிபார்க்கக் கூடிய ஒன்றைச் சமயத்தின் பேரால் சொன்னால், சரிபார்ப்புக்கு உடன்பட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இது சித்தாந்தத்துக்கு அந்நியமும் அல்ல. உலகம் பொய்த்தோற்றம் என்று அது சொல்வதில்லை. தோன்றி நின்று ஒடுங்கும் உலகைக் கண்டு அதிலிருந்து கருதி அறிந்துதான் இறைவனிடம் போகிறது. காட்சியையும் கருதலையும் அளவைகளாக ஏற்ற மரபு சோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பகுத்தறிவாளரின் ஐயம் வேறு. மென்மையான சமயம் போலிகளுக்குக் குடை பிடிக்கும், 'புனிதம்' என்ற சொல்லை விட்டுவைத்தால் நாளை யாரோ அதற்குள் அற்புதத்தை நுழைப்பார் என்று அவர் அஞ்சுகிறார். அச்சம் நியாயமானது. ஆனால் இயற்கை விதிக்கு விலக்கில்லை என்பதை ஏற்றவர் பாணிக்கும் திருநீற்று மழைக்கும் இடம் தர முடியாது. கோவூரின் சவாலை அவரும் கையொப்பமிட்டு ஏற்கிறார். கூடுதலாக, கோயிலுக்குள் இருக்கிற ஒருவரே 'இது அம்மன் பெயரால் செய்யும் மோசடி' என்று சொன்னால் வரிசையில் நிற்கும் மக்கள் கேட்பார்கள். வெளியே நின்று சவால் விடுகிறவருக்கு அந்தக் காது கிடைப்பதில்லை.

யுத்தமும் இடப்பெயர்வும் பொருளாதார முறிவும் கண்ட மக்களுக்கு இதெல்லாம் வசதியுள்ளோரின் பேச்சு என்றும் சொல்லப்படும். 2004 டிசெம்பர் 26 ஐ நினைத்துப் பார்க்கலாம். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தட்டு நழுவியதால் எழுந்த ஆழிப்பேரலை இந்தத் தீவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. பிள்ளைகளை இழந்த தாய்மாரிடம் கர்மவினை என்றார்கள் சிலர், தெய்வ தண்டனை என்றார்கள் வேறு சிலர். அந்தப் பேச்சு எவ்வளவு கொடூரமானது என்று சொன்னவர்கள் உணரவில்லை. நிலத்தட்டுக்கு யாருடைய பாவமும் தெரியாது. அது மட்டக்களப்பையும் காலியையும் பிரித்துப் பார்க்கவில்லை. இதை அந்தத் தாயிடம் சொல்ல முதலில் புவிச்சரிதவியல் தெரிய வேண்டும். ஆனால் அது மட்டும் தெரிந்தவர் அவளருகே உட்கார்ந்து அழத் தெரியாமல் போகலாம். பழியை நீக்கும் அறிவும், துக்கத்தைத் தாங்கும் சடங்கும் ஒரே வீட்டுக்குள் ஒன்றாக வர வேண்டிய தருணங்கள் அவை. வசதியுள்ளோரைவிட இழந்தவர்களுக்கே இந்தச் சேர்க்கை அவசரத் தேவை.

இது வெளிநாட்டுச் சரக்கு என்ற பேச்சும் நிற்காது. மணிமேகலை பௌத்த காவியம். ஆனால் சமயக் கணக்கர் தம் திறத்தை ஒவ்வொருவராக எடுத்துரைக்க அதன் நாயகி பொறுமையாகக் கேட்கும் காதை ஒன்று அதில் இருக்கிறது. பூதங்களின் சேர்க்கையே உணர்வு என்று சொல்லும் பூதவாதியும் அங்கே பேசுகிறான். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கத்தோடு தொடங்கினார். உலகாயதன் முதலாக எதிர்த்தரப்புகள் சொல்வதை எடுத்துக் கூறி மறுத்த பிறகே சுபக்கத்துக்கு வருகிறார். மறுப்பதற்காகத்தான் அவர் கூறினார் என்பது உண்மை. என்றாலும் கடவுள் மறுப்பாளன் என்ன சொல்கிறான் என்று தெரியாமல் சைவம் கற்றுத் தேற முடியாது என்ற ஒழுங்கைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ஏற்படுத்தினார். அந்த ஒழுங்கை நம் சமயபாடப் புத்தகங்கள் கைவிட்டுவிட்டன.

வெள்ளவத்தையில் இதற்கு வேண்டிய எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. இராமகிருஷ்ண மிஷன் அங்கே இருக்கிறது. 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் நூலகத்தோடும் மண்டபத்தோடும் அங்கே இருக்கிறது. மருத்துவர்களும் பொறியியலாளர்களும் கோயில் தர்மகர்த்தா சபைகளில் அமர்ந்திருக்கிறார்கள். காலையில் வைத்தியசாலையிலும் மாலையில் கோயிலிலும் இருக்கிற அதே மனிதருக்குள் இரண்டு உலகங்களும் பேசாமல் அருகருகே வாழ்கின்றன. பெரிய மாநாடு வேண்டாம், தீர்மானங்களும் வேண்டாம். மாதம் ஒருமுறை, அதே இருபது பேர், பல வருடங்கள் வந்தால் போதும். கொட்டாஞ்சேனையிலிருந்து குருவானவர் ஒருவரும் பிக்கு ஒருவரும், மௌலவி ஒருவரும், கோவூரின் வழிவந்த பகுத்தறிவாளர் ஒருவரும் அதில் இருக்க வேண்டும். தன் தரப்பைச் சொல்லுமுன் எதிர்த்தரப்பின் கருத்தை அத்தரப்பினரே ஒப்பும்படி எடுத்துச் சொல்வது விதியாக வேண்டும்.

முதல் வருடத்துக்கு ஒரே விடயம் போதும், அதுவும் யாருடைய நம்பிக்கையையும் புண்படுத்தாமல் தொடங்கக் கூடியது. ஒவ்வொரு சித்திரைப் புத்தாண்டுக்கும் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்கிறது, திருக்கணித பஞ்சாங்கம் வேறொரு நேரம் சொல்கிறது. பத்திரிகைகள் இரண்டையும் அருகருகே அச்சிடுகின்றன, வீடுகள் தமக்குப் பழக்கமானதை எடுத்துக்கொள்கின்றன. ஒன்று பழைய வாக்கியங்களின் வழியில் கணிப்பது, மற்றது அவதானத்தால் திருத்திய கணிதத்தைக் கொள்வது. இரண்டும் எந்த இடத்தில் எவ்வளவு விலகுகின்றன, வானத்தில் எது நிகழ்கிறது, மருத்துநீர் வைக்கும் புண்ணியகாலத்துக்கு அந்த விலகல் பொருட்டாகுமா, பொருட்டாகாது என்றால் ஏன்? இரண்டு பஞ்சாங்கக் கணிதர்களும், வானியல் கற்ற ஒருவரும், சிவாச்சாரியார் ஒருவரும் கணக்குத் தாள்களை விரித்து வைத்துக்கொண்டு இதைத்தான் முதலில் பேச வேண்டும்.